தேசம்மாவின் பாட்டில் காய்ந்த நெல்

கிட்ட வாங்க, இன்னும் கொஞ்சம் நகர்ந்து கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதையை மழைச் சத்தம் தின்றுவிடும், மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நீங்கள் ஊரெல்லாம் தப்புத் தப்பாகச் சொல்லித் திரிவீர்கள். இந்தக் கதையை ஏற்கெனவே நிறைய பேர் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் முடிவு வரைக்கும் நின்று கேட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

ஆரணிக்குத் தெற்கே ஓடைவாக்கம் என்று ஓர் ஊர். ஊருக்கு நடுவில் கோயில் இருக்கும், குளம் இருக்கும் என்று நினைப்பீர்கள். இந்த ஊருக்கு நடுவில் இருந்தது ஏகாம்பரத்தின் ரைஸ்மில்லும் அதன் சிமெண்ட் களமும்தான். அந்தக் களத்தில்தான் தேசம்மா தவழ்ந்தாள், நடந்தாள், பேசினாள். பிற்பாடு பாட்டுக் கட்டக் கற்றுக்கொண்டதும் அங்கேயேதான், ஆனால் கற்றுக்கொள்கிறாள் என்று அப்போது யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது.

களத்து வேலை என்னவென்று கேட்டால், நெல்லைத் தொட்டியில் ஊறப் போட்டு, அவித்து, ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்து களத்தில் பரப்புவார்கள். பரப்பிவிட்டால் மட்டும் காய்ந்துவிடாது. மேல் நெல் கீழே போக வேண்டும், கீழ் நெல் மேலே வர வேண்டும், அதற்குக் கால்தான் வேண்டும். பெண்கள் மேற்குச் சுவரோரம் வரிசையாக நிற்பார்கள். பாதத்தைத் தூக்காமல், நெல்லுக்குள்ளேயே இழுத்து இழுத்துக் கிழக்குச் சுவர் வரைக்கும் போவார்கள், சுவரைத் தொட்டதும் திரும்பி, பாதம் கிழித்த கோட்டுக்குப் பக்கத்துக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி மேற்கே வருவார்கள். உச்சி வெயிலில் அந்த சிமெண்ட் தரை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கும். நடந்துகொண்டே இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நின்றால் தோல் உரிந்துவிடும்.

தேசம்மாவின் அப்பா நெல் லாரியோடு போனவர். லாரி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அம்மா குப்பு களத்துக்காரி. மற்றப் பிள்ளைகள் பலகை தூக்கிப் பள்ளிக்கூடம் போன வயதில் தேசம்மா அம்மாவின் கோட்டுக்குப் பக்கத்துக் கோட்டில் நடந்தாள். சின்னக் கால், சீக்கிரம் சோர்ந்துபோகும். சோர்ந்த காலை நகர்த்த அவளுக்கு ஒரு வழிதான் தெரிந்தது: வாய்க்குள்ளேயே எதையாவது சொல்லிக்கொண்டு போவது. காக்காயைப் பார்த்தால் காக்காயை, மேலே போகிற மேகத்தைப் பார்த்தால் மேகத்தை, பசித்தால் பசியை. சொல்லத் தொடங்கினால் மேற்குச் சுவரில் தொடங்கிக் கிழக்குச் சுவரில்தான் முடியும், நடுவில் மூச்சு வாங்க இடமில்லை, சுவரைத் தொட்டுத் திரும்புகிற அந்த ஒரு கணத்தில்தான் மூச்சு. வளர்ந்து, கல்யாணமாகி, களத்தை விட்டு வெளியே வந்து, அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டக் கற்று, ஊர் அங்கன்வாடியில் ஆயா வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவள் சொல்கிற வரி ஒவ்வொன்றும் அந்தக் களத்தின் அகலம்தான் இருந்தது. ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முதல் தடவை அது நடந்தது பள்ளிக்கூட ஆண்டு விழாவில். தலைமையாசிரியை அம்மா, நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று கையைப் பிசைந்துகொண்டு, "ஆயாம்மா, நீங்க ஏதோ பாட்டெல்லாம் சொல்வீங்களாமே, வந்து ரெண்டு சொல்லுங்க" என்றார். தேசம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு மேடைக்குப் போனாள். மைக்செட் அவள் வீட்டுக்காரர் முனிரத்தினத்துடையது, கல்யாணம் காதுகுத்து என்று சுற்றுவட்டாரம் முழுக்க வாடகைக்குப் போகிற செட்டு. அவர் பெருமையாக ஒரு முறை மைக்கைத் தட்டிக் கொடுத்தார். அவள் களத்தைப் பற்றி ஒரு பாட்டுச் சொன்னாள்.

மேற்குச் சுவரை விட்டுக் கிளம்பியவள் கிழக்குச் சுவர் வரைக்கும் அம்மாவென்று கூப்பிடவில்லை
வாய் திறந்தால் கால் நிற்கும் கால் நின்றால் தரை கேட்கும் யாருடைய பிள்ளை நீயென்று

இரண்டாவது வரியில் முன்வரிசைப் பிள்ளைகள் கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கினார்கள். மூன்றாவது வரியில் காலை மாற்றினார்கள். மேடைக்குக் கீழே படுத்திருந்த நாய் எழுந்து, தரையை முகர்ந்து பார்த்து, ஒன்றும் விளங்காமல் வேலிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. நாற்காலியில் இருந்த பெரியவர்கள் காலை மேலே தூக்கி மடித்துக்கொண்டார்கள். முனிரத்தினம், "எர்த் லீக்காவுது, எர்த் லீக்காவுது, யாரும் ஒயரைத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். மைக் செத்தது, ஆனால் தேசம்மாவின் குரல் சாகவில்லை, தரையின் சூடும் குறையவில்லை. ஜனம் குதித்துக் குதித்து வெளியே ஓடுவதைப் பார்த்து, பாவமாக இருந்ததால் அவளே பாதியில் நிறுத்தினாள். நிறுத்தியதும் தரை ஆறிப்போயிற்று.

மறுநாள் கரண்ட் ஆபீசிலிருந்து ஒருவர் டெஸ்டரோடு வந்து பள்ளிக்கூடத் தரையெல்லாம் குத்திப் பார்த்தார். தரையில் கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார். அதற்குள் ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது: தேசம்மா பாட்டுச் சொன்னால் கீழே தரை காயும், சின்ன வயசில் அவள் காலுக்குக் கீழே காய்ந்த மாதிரியே காயும். சரி, காயட்டும். அதற்கு மேல் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அது ஐப்பசி மாசம் வேறு. விழாவன்று ஓரத்தில் கிடந்த தன் மகளின் ஈரப் பாவாடை காய்ந்து மொடமொடவென்று இருந்ததை ஒருத்தி கவனித்திருந்தாள். அவள் அடுத்த நாள் காலையில் ஒரு கூடை ஈரத்துணியோடு தேசம்மா வாசலில் வந்து நின்றாள்.

"தேசம்மாக்கா, ஒரு நாலு வரி சொல்லேன். எம் புருசனுக்கு இந்த ஒரே வேட்டிதான்."

அப்படித்தான் ஆரம்பித்தது. துணிக்குப் பின்னால் வற்றல் வந்தது, வற்றலுக்குப் பின்னால் மிளகாய், மிளகாய்க்குப் பின்னால் வரட்டி. கொஞ்ச நாளில் எந்தப் பாட்டுக்கு எவ்வளவு சூடு என்று ஊரே கணக்காகத் தெரிந்து வைத்திருந்தது. காக்காயைப் பற்றிய பாட்டு இளஞ்சூடு, அதை அப்பளப் பாட்டு என்றார்கள். அப்பா லாரியில் போனதைச் சொல்கிற பாட்டு வேட்டிப் பாட்டு. மற்றப் பிள்ளைகள் பலகையோடு போவதைக் களத்துச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்ததைச் சொல்கிற பாட்டு மிளகாய்ப் பாட்டு, அதைச் சொன்னால் மிளகாய் முறுகிக் கமறும், சொல்கிறவளுக்கும் கண்ணில் தண்ணீர் வரும், மிளகாய் நெடியால்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். மூட்டுவலிக் கிழவர்கள் சாயங்காலம் வந்து காலை நீட்டிக்கொண்டு, "பெருசா வேணாம் தாயி, அப்பளப் பாட்டுல ஒரு ரெண்டு வரி, முட்டிக்கு இதமா" என்பார்கள். பக்கத்து வீட்டுக் கோழிகள் அவள் வாசலில்தான் அடைகாப்பேன் என்று பிடிவாதம் பிடித்தன. பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம் கூடப் போட்டார்கள், மண்ணெண்ணெய் ஊற்றுகிற கடைக்குப் பக்கத்தில் தேசம்மா வாயைத் திறக்கக் கூடாதென்று. மற்றபடி ஒருவரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. இது ஏன், இது எப்படி என்று கேட்கவில்லை. பாட்டில் என்ன இருக்கிறதென்றும் கேட்கவில்லை.

ஆரணியிலிருந்து ஞானசேகர் சார் மட்டும் கேட்டார். அங்கே ஓர் இலக்கிய மன்றம் நடத்துகிறவர், தங்கமான மனுசன், யாராவது நல்லதாக ஒரு வரி சொல்லிவிட்டால் போதும், அவர் கண் கலங்கிவிடும். ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்போடு நின்று பாட்டைக் கேட்டார். கேட்டுவிட்டு முழித்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டால் சுடாது, உண்மைதான், ஆனால் பாட்டும் ஏறாது. பக்கத்து வீட்டு ரேடியோவைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்கிற மாதிரி வெறும் சத்தமாக விழும். ஊரில் ஒரு பொடிசு அதை அவருக்குச் சொல்ல, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி கேட்டார். இப்போது முகம் மலர்ந்தது. மலர்ந்த முகம் கொஞ்ச நேரத்தில் சிவந்தது, பிறகு வேர்த்தது, கடைசியில் இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே, "அம்மா, இந்த வரி அமைப்பை, இந்த நீளத்தை, யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"கிழக்குச் சுவருகிட்ட சார்" என்றாள் தேசம்மா.

அவர் அதற்கு மேல் தாங்காமல் கிணற்றடிக்கு ஓடினார். ஊருக்குத் திரும்பியவர் நல்லதாகத்தான் எழுதினார், ஆனால் ஒரு வார்த்தை எழுதினார், 'இவருடைய கவிதைகள் முடிவற்றவை, பாதியில் அறுந்து நிற்பதே இவற்றின் அழகு' என்று. ஓடைவாக்கத்துக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள், அவர்கள் பாணியில்: "நம்ம தேசம்மா பாட்டுக்கு வாலே கிடையாது." வால் இல்லாமல் இல்லை. எல்லாரும் வால் வருவதற்குள் ஓடிப்போனார்கள், அவ்வளவுதான். ஓடுகிறவர்களைப் பார்த்ததும் அவள் நிறுத்திவிடுவாள். துணி காய்ந்துவிட்டது, மிளகாய் காய்ந்துவிட்டது, இன்னும் என்ன.

வெளியே சிரித்துக்கொண்டிருந்த தேசம்மாவுக்கு உள்ளே ஒரு பயம் ஊறிக்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்டுவிட்டு வந்ததில் பாட்டுகளின் முடிவுகள் அவளுக்கே மங்கிக்கொண்டு வந்தன. மற்றது போனாலும் போகட்டும், அவளிடம் அம்மா குப்புவைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. எல்லாப் பாட்டையும்விடச் சூடான பாட்டு அது, யாரும் அதில் கால்வாசியைத் தாண்டி நின்றதில்லை. அந்தப் பாட்டின் கடைசி வரியில்தான் குப்பு இருந்தாள், மற்ற வரியெல்லாம் அங்கே போய்ச் சேருகிற வழி. குப்பு செத்துப் பல வருசமாகிவிட்டது, ஒரு போட்டோ கூட எடுத்ததில்லை. ஒரு நாள் அங்கன்வாடியில் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தபோது தேசம்மா மனசுக்குள் அந்த வரியைத் தேடினாள், அது இல்லை. பிள்ளைகள் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, வீட்டுக்குப் போகிற நேரத்துக்குத்தான் அது திரும்பி வந்தது. இன்னொரு தடவை போனால் திரும்பி வருமா? யாராவது ஒருத்தர் காதில் அதைப் போட்டுவிட வேண்டும். ஒரே ஒருத்தர் போதும்.

எழுதி வைக்கலாமே என்பீர்கள். எழுதிப் பார்த்தாள். எழுதி முடிப்பதற்குள் தாள் ரொட்டி மாதிரி சிவந்து உதிர்ந்தது. தனியாகச் சொல்லிப் பார்த்தாள், கேட்க ஆளில்லாதபோது தரை சும்மா கிடந்தது, பாட்டும் சும்மா கிடந்தது, பாதியில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போய்விட்டது. வீட்டுக்காரரை உட்கார வைத்துச் சொன்னாள்.

"சொல்லு தேசம்மா. இன்னிக்கு நான் செத்தாலும் எழுந்துக்க மாட்டேன்" என்று முனிரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு தரையில் காலைப் பதித்து உட்கார்ந்தார். கால்வாசிப் பாட்டு வரைக்கும் இருந்தார், அவரால் முடிந்தது அவ்வளவு. "அய்யய்யோ!" என்று துள்ளித் தண்ணீர்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு, "தப்பா நெனச்சிக்காதே, நல்லாத்தான் கீது, உங்கம்மா சேலை நிறங்கூடக் கேட்டேன்" என்றார். அவர் காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே தேசம்மா சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

களத்துக்காரிகளிடம் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அவர்களின் பாதம் வெட்டுக்கத்திக்கும் மசியாத பாதம். அவளோடு பக்கத்துக் கோட்டில் நடந்து வளர்ந்த கன்னியம்மா இன்னும் மில்லில்தான் இருந்தாள். தேசம்மா அவளைக் கூப்பிட்டும் பார்த்தாள்.

"நான் எதுக்குடி வந்து கேக்கணும்?" என்றாள் கன்னியம்மா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "நீ நடந்த கோட்டுக்குப் பக்கத்துக் கோடு என்னுது. நீ பாத்ததத்தான் நானும் பாத்தேன். ஊட்டுக்குப் போயும் அதே களமா? வேணும்னா மொளகாய அனுப்பறேன், காயவச்சிக் குடு."

இப்படி இருக்கையில் ஒரு வருசம் கார்த்திகையில் புயல் வந்தது. வானம் நாள்கணக்கில் திறந்துகொண்டு ஊற்றியது. கம்பமெல்லாம் சாய்ந்து கரண்ட் போயிற்று. ஏகாம்பரம் மில்லில் அவித்த நெல் மலை மலையாகக் கோடவுனுக்குள் கிடந்தது, களத்தில் பரப்ப வெயில் இல்லை, உலர்த்துகிற மிஷினைப் போடக் கரண்ட் இல்லை. அவித்த நெல் ஈரத்தோடு கிடந்தால் புளித்துப் பூசணம் பிடித்துவிடும், அப்புறம் மாடு கூடச் சீண்டாது. நெல் போனால் மில்லை மூட வேண்டியதுதான், மில்லை மூடினால் களத்துக்காரிகளுக்குத் தை வரைக்கும் அடுப்பில்லை. ஏகாம்பரத்துக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் செருப்பை இழுத்துக்கொண்டு, தேசம்மா வாசலுக்கு வந்தார். பின்னால் கன்னியம்மாவும் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

"தேசம்மா, நீ வந்து பாட்டுச் சொன்னாத்தான் ஆவும்" என்றார் ஏகாம்பரம். "அப்பளப் பாட்டு, வேட்டிப் பாட்டெல்லாம் பத்தாது. உங்கிட்ட இருக்கறதுலயே பெருசா ஒண்ணு எடு."

முனிரத்தினம் குறுக்கே வந்தார். "மொதலாளி, அவ பாட்டுல வர்ற சூடே உங்க களத்து சூடுதான். அதத் திருப்பி உங்களுக்கே குடுக்கணுமா?"

"குடுத்தா இன்னாய்யா? எனக்கில்லாட்டியும் இவளுங்களுக்கு" என்று கன்னியம்மாவைக் காட்டினார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, முனிரத்தினம் சொன்னதிலும் இருந்தது, தேசம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருசா ஒன்று என்றால் அவளிடம் இருந்தது ஒன்றுதான்.

"வர்றேன் மொதலாளி" என்றாள். "ஆனா நெல்லு காஞ்சிடுச்சின்னு நடுவுல நிறுத்தச் சொல்லக் கூடாது. பாட்டு முடியற எடத்துலதான் முடியும்."

"முடியட்டுமே. முடிஞ்சா எனக்கென்ன?" என்றார் ஏகாம்பரம். எது முடிகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கோடவுனும் களத்தின் அகலம்தான். தகரக் கூரையில் மழை ஆணியடித்துக்கொண்டிருந்தது. நெல்லைச் சுவருக்குச் சுவர் பரப்பினார்கள். தேசம்மா கதவோரம் ஒரு சாக்கின் மேல் ஏறி நின்றாள். களத்துக்காரிகள் நெல்லைப் பரப்பியதோடு வேலை முடிந்ததென்று வெளியே போகப் போனார்கள், அப்போதுதான் ஏகாம்பரம் கத்தினார், "எங்க போறீங்க? கிளறிவிடறது யாரு? கீழ சூடு, மேல ஈரம், நெல்லு காயுமா வேகுமா?" அதுவும் சரிதானே. வெயிலில் காய்ந்தாலும் பாட்டில் காய்ந்தாலும் நெல்லுக்குக் கால் வேண்டும். கன்னியம்மாவும் மற்றவர்களும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேற்குச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

தேசம்மா பாட்டைத் தொடங்கினாள்.

அம்மா காய்ச்சலோடு எழுந்த காலையில் சேலை பச்சையாக இருந்தது சேலைக்குள் அவள் வெளுத்துக் கிடந்தாள்

அந்த வரி மேற்கில் தொடங்க, பாதங்களும் மேற்கில் தொடங்கின. வரி நீண்டு போக, பாதங்களும் நெல்லை இழுத்துக்கொண்டு நீண்டு போயின. வரி கிழக்கில் முடிகிற இடத்தில் சுவர் வந்தது, பாதங்கள் திரும்பின, தேசம்மா மூச்சு வாங்கினாள். தரை சூடேறிக்கொண்டு வந்தது, இதுவரை அவள் சொன்ன எந்தப் பாட்டுக்கும் ஏறாத சூடு, நெல்லிலிருந்து ஆவி எழுந்து கோடவுன் முழுக்கப் புழுங்கல் வாசனையாக நிறைந்தது. ஆனால் ஒருத்தியும் ஓடவில்லை, ஒருத்தியும் துள்ளவில்லை. அப்போதுதான் தேசம்மாவுக்கு உறைத்தது. இத்தனை நாளும் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ கேட்டார்கள். நின்றால் சுடத்தானே செய்யும்? இது நடந்துகொண்டே கட்டிய பாட்டு, நடந்துகொண்டேதான் கேட்க வேண்டியிருந்திருக்கிறது. இதை ஞானசேகர் சாருக்கும் சொல்லாமல், வீட்டுக்காரருக்கும் சொல்லாமல், அவர்கள் காலை வேகவைத்துவிட்டோமே என்று ஒரு கணம் நினைத்தாள், நினைத்தாலும் வரியை விடவில்லை.

கதவருகே செருப்போடு நின்ற ஏகாம்பரத்துக்குப் பாட்டு வெறும் இரைச்சலாகத்தான் விழுந்தது. அவர் நெல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர் கண் மெல்ல மேலே போயிற்று. நடக்கிற பெண்களின் முகம் மாறிக்கொண்டிருந்தது. கன்னியம்மா வெற்றிலை மெல்லுவதை மறந்திருந்தாள். ஒருத்தி அழுதுகொண்டும், இன்னொருத்தி சிரித்துக்கொண்டும் நடந்தாள், இரண்டு பேரும் ஒரே வரியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படி என்னதான் சொல்கிறாள் இவள்? அவர் செருப்பில் ஒன்றைக் கழற்றினார், பிறகு மற்றதையும் கழற்றினார். தரை சுட்டதும் அவரும் நெல்லுக்குள் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

"மொதலாளி, காலத் தூக்காதீங்க, இழுங்க!" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். "நெல்ல மிதிக்கிறீங்க!"

"கோட்ட விட்டு வராதீங்க, என் கோட்டுல வந்து முட்றீங்க!" என்றாள் இன்னொருத்தி.

அவர் இழுத்தார், தடுமாறினார், சுவரைத் தொட்டுத் திரும்பினார், அவர் காதிலும் இப்போது பாட்டு விழுந்தது. காய்ச்சலோடு குப்பு நடக்கிறாள். களத்தோரம் வேப்பமர நிழல் இருக்கிறது, நிழலில் மூட்டைகள் இருக்கின்றன. குப்பு நிழலைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கோட்டில் சின்னப் பெண் நடக்கிறாள், அவளுக்குப் பசிக்கிறது. இனி வருவது களத்து ஆள்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே சீராகக் காய்ந்த நெல்லை அரைத்தால் முழு அரிசி வரும். ஓரிடத்தில் மட்டும் கிளறாமல் சூடு கூடிவிட்டால் அந்த நெல் உள்ளுக்குள் வெடித்து, அரைக்கும்போது நொய்யாக உடையும். முழு அரிசி மூட்டைக்குப் போகும். நொய்யில் ஒரு பங்கு களத்துக்காரிகளுக்கு, அதுதான் அந்த மில்லில் வழக்கம். நொய் இருந்தால் வீட்டில் கஞ்சி, நொய் இல்லாத வாரத்தில் வெறும் தண்ணீர்.

தேசம்மாவின் குரல் கடைசி வரிக்கு வந்தது. அந்த வரி அவளுக்கு மறக்கவில்லை. கேட்கிற கால்கள் அதை அவளிடம் இழுத்துக்கொண்டு வந்தன. அவள் பாட்டுகளில் எல்லா வரியும் சுவர் வரைக்கும் போகும், இந்த ஒரு வரி மட்டும் போகாது.

அன்றைக்கு நடுக்களத்தில் என் அம்மா நின்றாள்

வரி பாதியில் நின்றது. வரியோடு போய்க்கொண்டிருந்த பாதங்களும் கோடவுனின் நடுவில் நின்றன. யாரும் நிற்கச் சொல்லவில்லை. வேண்டுமென்றே, கண்ணைத் திறந்துகொண்டு, நெல் வெடிக்கட்டும் என்று, காய்ச்சல் உடம்போடு குப்பு தன் வெறும் பாதத்தைத் தரையில் வைத்துக்கொண்டு நின்ற மாதிரியே எல்லோரும் நின்றார்கள். தரை சுட்டது. நின்றார்கள். காலுக்குக் கீழே நெல் சன்னமாகப் படபடவென்று வெடிக்கிற சத்தம் மழைக்குள்ளும் கேட்டது. ஏகாம்பரமும் நின்றார், அவர் முகத்தில் வேர்வை வழிந்தது, ஆனாலும் நின்றார்.

கன்னியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "அடிப்பாவி" என்றாள் மெல்ல. "பக்கத்துக் கோட்டுலதானே நடந்தேன். கால் சோந்துபோய் நிக்குதுன்னு நெனச்சேனே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்க்கா" என்றாள் தேசம்மா. "தள்ளி நடம்மான்னு கையப் புடிச்சி இழுத்தேன். வாயத் தொறக்காத, கீழ பாரு, வெடிக்குது பாருன்னு அம்மா சொல்லிச்சி."

ஏகாம்பரம் குனிந்தார். பிறகு நெல்லில் ஒரு பிடியை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதிப் பார்த்தார். பாதி நொய். "நான் அந்த நாள்ல நொய் விழுந்தப்பல்லாம் மிஷின்ல கோளாறுன்னு நெனச்சேன்" என்றார். "எத்தினி ரப்பர் ரோலர் மாத்தினேன். மெக்கானிக்க எத்தினி பேச்சுப் பேசினேன். பாவம், அந்த ஆளு வேலைய வுட்டே போய்ட்டான்." யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்துகொண்டார், ஆனால் அவர் கண் சிரிக்கவில்லை. நெல் காய்ந்திருந்தது. காய்ந்த நெல்லைக் கூட்டிக் குவித்தார்கள். அன்றைக்கு ஓடைவாக்கத்தில் எல்லா வீட்டிலும் குப்புவைப் பற்றித்தான் பேச்சு, குப்புவைப் பார்த்தே இராத பிள்ளைகள் கூட அவள் சேலை என்ன நிறம் என்று சொன்னார்கள்.

மழை விடவில்லை. இன்னும் பாதி நெல் ஈரத்தோடு கிடந்தது. விளக்கேற்றுகிற நேரத்துக்கு ஏகாம்பரம் மறுபடி வந்தார், வாசலிலேயே நின்றுகொண்டு குடையை மடக்கவும் மடக்காமல் பேசினார்.

"நாளைக்கும் வந்துடு தேசம்மா. அதே பாட்டா இருக்கட்டும், அதுக்குத்தான் அந்தச் சூடு." குடைக் கம்பியைத் தடவினார். "ஆனா அந்தக் கடைசி வரி மட்டும் வேணாம். தப்பா எடுத்துக்காதே. நானுந்தான் காலு வேக நின்னேன். அதுக்காக, நெல்லெல்லாம் நொய்யாப் போனா நான் எத வித்து மில்ல நடத்தறது? கடைசியில அத மட்டும் சொல்லாதே."

"இன்னா பேச்சு பேசறாரு இவரு!" என்று முனிரத்தினம் எழுந்தார். மழைக்கு ஒதுங்கி உள்ளே உட்கார்ந்திருந்த கன்னியம்மா, "அந்த வரி இல்லாட்டி நான் நடக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்று தரையைத் தட்டினாள்.

தேசம்மா இரண்டு பேரையும் கையமர்த்தினாள். "சரிங்க மொதலாளி" என்றாள். "கடைசியில அது வராது."

ஏகாம்பரம் நிம்மதியாகக் குடையைத் தூக்கிக்கொண்டு போனார். கன்னியம்மா அவளை முறைத்துப் பார்த்துவிட்டு, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் கோடவுனில் நெல்லைச் சுவருக்குச் சுவர் பரப்பினார்கள். பெண்கள் மேற்குச் சுவரோரம் வரிசை கட்டினார்கள், கன்னியம்மாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏகாம்பரமும் ஓரத்தில் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டார். ஊர்ஜனம் பாதி கதவருகே கூடி நின்றது. தேசம்மா சாக்கின் மேல் ஏறி நின்று, எல்லோர் பாதத்தையும் ஒரு முறை பார்த்து, மூச்சை இழுத்து, பாட்டைக் கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தாள்.